விழுத்தினது அவ இல்ல

அவட பேரை நான் எழுத மாட்டன். எழுதினா வாவிக்கு மேற்குப் பக்கம் படுவான்கரையில பாதிச் சனத்துக்கு ஆளைத் தெரிஞ்சிரும், மீதிச் சனத்துக்கு அவட அப்பாவைத் தெரியும். பேர் இல்லாமலே ஆளைக் காட்டுறதுக்கு அங்க ஒரு வழி வச்சிருக்காங்க. "பெரிய பைக்கைக் கொண்டுபோய் வாவிக்குள்ள விட்டாளே, அந்தப் பொம்பிளை." சொல்லிட்டு ஒரு சிரிப்பு வேற. அந்தச் சிரிப்பைக் கேட்டா எனக்கு இண்டைக்கும் பத்திக்கொண்டு வரும். அவ விடல்ல. எந்தப் பைக்கையும் எங்கயும் அவ விழுத்தல்ல. ஆர் விழுத்தினதெண்டு எனக்குத் தெரியும். சொல்றன், பொறுங்க.

முதல்ல ஆளைச் சொல்லணும். மிருக வைத்தியக் கந்தோரில அவவுக்குக் கள வேலை. மாட்டுப் பட்டி பட்டியாப் போய் ஊசி போடணும். பசு கண்டு போடக் கஷ்டப்பட்டா விடியவும் ஓடணும். வாவிக்கு மேற்கால போற ரோட்டு எப்பிடியெண்டு போனவங்களுக்குத்தான் தெரியும். கொஞ்ச தூரம் கிறவல், மறுகா மணல், மறுகா ரோட்டே இல்ல, ஆத்து வாழை மண்டின சேத்துக்குள்ள மாடு நடந்த தடம்தான். மாரி வந்தா தாம்போதிப் பாலத்துக்கு மேலால தண்ணி போகும். அப்பாட பழைய நூறு சிசி பைக்கிலதான் இதெல்லாம் போய் வந்தா.

ஆர்ட பைக்கிலயும் பின்னுக்கு ஏற மாட்டா. ஒருநாள் நடுக்காட்டில பைக் நிண்டுபோச்சாம். பின்னால வந்த டொக்டர் ஏறச் சொல்லியிருக்கார். "இல்ல சேர், நான் தள்ளிக்கொண்டு வாறன்" எண்டு வெயிலுக்குள்ள ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கா. டொக்டர் ரெண்டு கிழமை முகம் குடுத்துக் கதைக்கல்லயாம். ஏன் இப்பிடிப் பிடிவாதம் எண்டு நான் பிறகு கேட்டன்.

"முன்னுக்கிருந்து விழுந்தா என்ட பிழை எண்டு எனக்குத் தெரியும். பின்னுக்கிருந்து விழுந்தா ஆர்ட பிழையெண்டே தெரியாது. காயம் மட்டும்தான் மிச்சம்" எண்டா.

அவட குணமே இதுதான். பிழை தன்டதெண்டா பளிச்செண்டு சொல்லிருவா, அடுத்த ஆள்ட பிழையைத் தன்ட தலையில ஏத்தவும் விட மாட்டா. வேலைக்குச் சேந்த புதுசில ஒரு கண்டுக்குட்டியை இடிச்சுப்போட்டாவாம். ரோட்டில ஒரு குருவி இல்ல. வேற ஆளெண்டா பைக்கை முறுக்கிக்கொண்டு போயிருப்பான். நானெண்டாலும் போயிருப்பன், பொய் ஏன் சொல்லுவான்? அவ அந்தக் கண்டுட காலுக்குக் கட்டுப் போட்டுட்டு, பட்டிக்காரன் வாற வரைக்கும் ரெண்டு மணித்தியாலம் ரோட்டோரம் குந்திக்கொண்டு இருந்திருக்கா. அவன் வந்தோடன, "அண்ணன், நான்தான் இடிச்ச. கவனிக்காம வந்திட்டன்" எண்டிருக்கா. அவன் கத்துவோமா விடுவோமா எண்டு தெரியாமத் தலையைச் சொறிஞ்சானாம்.

இப்பிடிப்பட்ட பொம்பிளையைத்தான் எனக்குப் பேசினாங்க. கிரகத்தைப் பாருங்க.

எங்கட பக்கம் வீடு பொம்பிளைக்குத்தான். கலியாணம் முடிச்சா ஆம்பிளைதான் பொட்டியைத் தூக்கிக்கொண்டு பொம்பிளை வீட்டுக்குப் போகணும். அதால மாப்பிள்ளைட ஆக்கள் வீட்டை விட்டுட்டு வாகனத்தைப் பிடிப்பாங்க. என்ட அம்மாவும் பிடிச்சா. "என்ட மகன் வாவி கடந்து வீட்டோட போறான். நடந்தா போறது? பைக் ஒண்டு வேணும். அதுவும் நல்ல பெரிய பைக்கா வேணும்." புரோக்கர் தலையாட்டினார். நானும் பக்கத்தில நிண்டு வடிவாத் தலையாட்டினன்.

இதில பகிடி என்னெண்டா எனக்குப் பைக் ஓடத் தெரியாது. பதினாலு வயசில மாமாட பைக்கோட வேலிக்குள்ள போனவன் நான். அதுக்குப் பிறகு ஹேண்டிலைத் தொட்டாலே கை வேர்க்கும். கந்தோருக்கு பஸ்ஸில போவன். கேட்டா, "பைக் இருந்தது, வித்திட்டன்" எண்டுவன். அம்மாவுக்கு வேற பொய், கந்தோர்ப் பைக்கை ஓடுறனெண்டு. ஆம்பிளைக்கு முப்பது வயசாகியும் பைக் ஓடத் தெரியாதெண்டு மட்டக்களப்பில சொல்லிப் பாருங்க, மூஞ்சியில சிரிப்பானுகள்.

பொம்பிளை பாக்கப் போன அண்டைக்கு அவதான் தேத்தண்ணி கொண்டு வந்தா. எல்லாருக்கும் குடுத்துட்டு எனக்கு முன்னால வந்து நிண்டு, "எத்தனை சிசி ஓடியிருக்கீங்க?" எண்டு கேட்டா. படிப்பு, சம்பளம் ஒண்டும் கேக்கல்ல.

"நூற்றைம்பது" எண்டன்.

தலையாட்டிட்டுப் போயிட்டா. நாங்க வெளிக்கிடக்குள்ள வாசலில நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தன். பக்கத்தில வந்து மெதுவாச் சொன்னா, "உங்கட இடது சப்பாத்து நல்ல புதுசு மாதிரி இருக்கு. கியர் போடுற ஆக்கள்ட சப்பாத்தில மேல ஒரு கறுப்பு இருக்கும். ஓடத் தெரியாதுதானே?"

உள்ளுக்குள்ள அம்மா அவட அம்மாவோட விடைபெறுறா. இவ ஒரு சத்தம் போட்டா என்ட கதை முடிஞ்சுது. "தெரியாது" எண்டன்.

"சரி. உடன ஒத்துக்கொண்டீங்க, நல்லம். சனிக்கிழமையில வாங்க, பழக்கிறன். ஆரும் கேட்டா மறைக்க மாட்டன். கேக்காட்டி நானாச் சொல்லவும் மாட்டன்."

எனக்கு அந்த இடத்திலயே அவவப் பிடிச்சுப் போச்சு. மெய்யாத்தான் சொல்றன், அந்தக் கலியாணம் எனக்கு வேணும் எண்டு அண்டைக்கு நினைச்சதுதான். வீட்டுக்காக இல்ல, பைக்குக்காகச் சத்தியமா இல்ல.

அறுவடை முடிஞ்ச காலம். அவட அப்பாட வட்டையில வயல் காஞ்சு கிடந்தது, விழுந்தாலும் வைக்கல் தாளில விழலாம். சனிக்கிழமை காலம்பற முதல் பாதையில ஏறி நான் போவன். வாவியைக் கடக்க மோட்டர் பூட்டின தட்டைப் படகு ஒண்டு போய் வரும், சைக்கிள், பைக், ஆக்கள் எல்லாம் அதில ஏறித்தான் கடக்கிறது. அதைத்தான் நாங்க பாதை எண்டுற.

முதல் நாள் பைக்கை ஓடவே விடல்ல. நிலத்தில படுக்க வச்சிட்டு, "தூக்குங்க" எண்டா. முன்னால நிண்டு இழுத்தன், அசையல்ல. "கிறுகி, பைக்குக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. முதுகைச் சீட்டில குடுத்து, காலால எழும்புங்க." அஞ்சு தரம் தூக்க வச்சா. ஆறாம் தரம் நான், "ஓட எப்ப பழக்கிற?" எண்டு கேட்டன்.

"விழுந்தாத் தூக்க ஏலும் எண்டு தெரிஞ்ச பிறகுதான் பயம் போகும். அதுக்குப் பிறகு ஓடலாம்" எண்டா.

கிளச்சைப் பற்றிச் சொன்னது இன்னும் காதுக்குள்ள கிடக்கு. "அடைகிடக்கிற கோழிக்குக் கீழ முட்டை வைப்பீங்களே, அப்பிடி விடணும். படக்கெண்டு விட்டா கொத்திரும்." நான் படக்கெண்டுதான் விட்டன். பைக் குதிச்சு நிண்டுது. திரும்பவும் விட்டன், திரும்பவும் குதிச்சுது. வரம்பில வைக்கல் கட்டிக்கொண்டிருந்த பொம்பிளையள் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாங்க. "என்னகா, மாப்பிள்ளை தவளை பிடிக்கிறாரோ?" எண்டு ஒருத்தி கேட்டா. "ஓம், ஒண்டு பிடிச்சா உங்களுக்கும் தாறம்" எண்டு அவ திருப்பிக் குடுத்தா. நல்லா ஓடினாலும் பாராட்ட மாட்டா. "திரும்ப ஒருக்கா" எண்டுதான் வரும். நாலாம் சனிக்கிழமை மூண்டாம் கியர் வரைக்கும் போட்டு வட்டையைச் சுத்தி வந்தன். எனக்குச் சிறகு முளைச்ச மாதிரி. அவ டாங்கியைத் தட்டிப் பாத்துட்டு, "பெற்றோல் முடியப் போகுது" எண்டா.

அவட ஆசை வேற. பெரிய பைக். இருநூற்றைம்பது, உயரமானது, மணலுக்கும் தண்ணிக்கும் ஓடுற சாதி. வேலைக்குப் போன நாள் தொட்டு அதுக்குத்தான் பாத்துக்கொண்டிருந்தவ. வெளிநாட்டு வாகனம் இறக்கிறதை அரசாங்கம் நிப்பாட்டி வச்சிருந்த காலம் அது, நினைச்சோடன வாங்க ஏலாது. சும்மா காத்திருக்கல்ல. பெரிய பைக்கிட பாரம் பழகணும் எண்டு அப்பாட நூறு சிசியில ரெண்டு நெல்மூட்டையைக் கட்டிக்கொண்டு கிறவல் ரோட்டில ஓடுவா. மூட்டையோட பைக்கைச் சரிச்சுப் போட்டுட்டு தனியத் தூக்குவா. அவட அம்மா, "விசரி, இடுப்பு முறியப் போகுது, ஆர் உன்னைக் கட்டுவான்?" எண்டு கத்துவாவாம். "இடுப்பு முறிஞ்சவனாப் பாத்துக் கட்டுறன்" எண்டிருக்கா.

கடைசியில ஓட்டமாவடியில ஒரு யாபாரியிட்ட அப்பிடியொரு பைக் வந்திருக்கெண்டு அறிஞ்சாங்க. சீதனப் பைக்கும் அதுதான், அவ ஆசைப்பட்ட பைக்கும் அதுதான். அவட அப்பாட கையில ரெண்டு பைக்குக்கு வழியில்ல. அம்மா புரோக்கரைக் கூட்டிக்கொண்டு கதைக்கப் போன இடத்தில அவ நடு வீட்டில நிண்டு சொல்லிட்டா.

"பைக்கைப் பதியிற புக் என்ட பேரில. கலியாணம் முடிச்சாலும் என்ட பேரில. வேலைக்கு நான் கொண்டு போவன். அவர் கேட்டா ஓடலாம்."

அம்மாட முகம் புளி கரைச்ச மாதிரிப் போச்சு. வெளிய வந்து என்னட்ட, "முதல்ல பைக் வரட்டும் மகன். வீட்டுக்கு வந்தா ஆம்பிளைதானே ஓடப் போறான்" எண்டா. எனக்கு வாய் எப்பவும் தேவையான நேரம் வேலை செய்யாது.

பைக் வந்தது. அம்மா ஒரே பிடியில நிண்டா, "எங்கட ஊர்ப் பிள்ளையார் கோயிலில சில்லுக்குக் கீழ தேசிக்காய் வச்சு மிதிச்சுப் போட்டுத்தான் ஓடணும்." ஞாயிற்றுக்கிழமை எண்டு நாள் வச்சாங்க. நான் காலம்பறவே அங்கால போய், அவ ஓட, பின்னுக்கு இருந்து பாதையடிக்கு வந்தன். அவட பக்கத்துச் சனம் பாத்துது. பாத்தாப் பாக்கட்டும், அவங்க எனக்கு ஆரு? அந்தப் பைக்கிட சத்தம் நெஞ்சுக்குள்ள கேட்டுது. ஹெல்மெட்டுக்குள்ளால அவட கன்னம் மட்டும் தெரிஞ்சது, அது முழுக்கச் சிரிப்பு. அவ்வளவு சந்தோசமான ஒராளை நான் அவ்வளவு கிட்ட இருந்து பாத்ததில்ல.

அவவே பைக்கைப் பாதைக்குள்ள ஏத்தி, உருளாம இருக்கக் கியரில போட்டு நிப்பாட்டினா. பாதையில எல்லாரும் அப்பிடித்தான் செய்யிற. வாவியில அரைவாசி வந்தாப் பிறகு எங்கட கரை தெரிஞ்சது. கரையில அம்மா, மாமா, என்ட கந்தோர்ப் பொடியன்மார் நாலு பேர். ஒருத்தன் போனை வேற தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். இவங்களுக்கு முன்னால பொம்பிளைட பின்னுக்கிருந்தா இறங்கிற?

"இறங்கினாப்போல நான் ஓடட்டா? கோயில் வரைக்கும்தான்" எண்டு கேட்டன்.

என்னைப் பாத்தா, கரையைப் பாத்தா. விளங்கியிருக்கும். அவவுக்கு விளங்காதது ஒண்டுமில்ல. "அது நூறு சிசி இல்ல" எண்டா.

"மூண்டாம் கியர் வரைக்கும் ஓடினன்தானே?"

ஹேண்டிலில இருந்து கையை எடுத்தா. ஒராள் கேட்டுக் கைப்பிடியைக் குடுத்தது அவட வாழ்க்கையில அதுதான் முதல் தரமா இருக்கும். "சரி. பாதை கரையில முட்டினாப் பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும். அதுக்கு முதல் தொடாதீங்க" எண்டுட்டு விலகி நிண்டா.

பாதையில ஏறினவங்களுக்குத் தெரியும், கரை வாறதுக்கு முதலே எல்லா பைக்கும் உறுமத் தொடங்கிரும். முதல்ல இறங்கிற அவசரம். ஆரோ ஒராள் முன்பக்கச் சங்கிலியையும் கழட்டிருவார். அண்டைக்கும் கழட்டினாங்க. பக்கத்தில ரெண்டு பைக் உறுமுது, கரையில பொடியன் போனைப் பிடிச்சுக்கொண்டு கை காட்டுறான். எனக்குப் பொறுக்க ஏலல்ல. ஏறினன். கிளச்சைப் பிடிச்சு, ஸ்டார்ட்டை அமத்தினன். வட்டையில நான் பழகினது எப்பவும் நியூட்டலில நிண்ட பைக். இது கியரில நிக்குதெண்டு மறந்து போச்சு. பொடியனுக்குத் திருப்பிக் கை காட்ட நினைச்சனோ என்னவோ, கிளச்சைப் படக்கெண்டு விட்டன்.

நான் பலகையில விழுந்தன். பைக் முன்னுக்குப் போய், தலைகீழா வாவிக்குள்ள விழுந்தது. இடுப்பளவு தண்ணிதான். சேத்துக்குள்ள முன் சில்லுக் குத்தி, பின் சில்லு மேல கொஞ்ச நேரம் சுத்திச்சு. முன்னால ரெண்டு ஓரமும் கரையைப் பாத்துக்கொண்டு நிண்ட சனம் சத்தம் கேட்டுத்தான் திரும்பினது. அவங்க பாத்தது தண்ணிக்குள்ள பைக்கையும், விளிம்பில வந்து நிண்ட அவவையும்தான். கரையில நிண்டவங்களுக்கும் போனுக்கும் ஓரத்தில நிண்ட சனம் எங்களை மறைச்சிட்டு, பைக் விழுந்தது மட்டும்தான் தெரிஞ்சது. பைக்கை ஏத்தக்குள்ள ஓடினது அவ எண்டதும் எல்லாருக்கும் தெரியும்.

"பொம்பிளைட கையில பெரிய பைக்கைக் குடுத்தா இதுதான் நடக்கும்" எண்டான் ஒருத்தன்.

கரையில அம்மா தலையில கை வச்சா. "ஐயோ, விழுத்திட்டாளா? நான் அப்பவே சொன்னன்!"

அவ திரும்பி என்னைப் பாத்தா. கோவமில்ல, கெஞ்சலுமில்ல. சொல்லுங்க எண்டு பாத்தா, அவ்வளவுதான். ஒரு சொல்லு போதும். எனக்கு வாய் திறந்திச்சு. திறந்து என்ன வந்தது தெரியுமா?

"பரவால்லம்மா, விடுங்க. தெரியாம நடந்திட்டு."

மன்னிச்சு விடுறார் மாப்பிள்ளை. இந்த வாயைக் கொண்டுபோய் எந்தச் சேத்துக்குள்ள வைக்கிற?

அவ ஹெல்மெட்டைக் கழட்டி வச்சிட்டுத் தண்ணிக்குள்ள இறங்கினா. கயிறு கேட்டு வாங்கி, பின் சில்லில தானே கட்டினா. நாலு பேர் இழுக்க, அவ கீழ நிண்டு முதுகு குடுத்துத் தூக்கினா. நான் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன், பெரிய காயம் பட்டவன் மாதிரி. பைக்கைத் திரும்பப் பாதைக்குள்ளயே ஏத்திக்கொண்டு, அதே பாதையில திரும்பிப் போனா. கோயிலுமில்ல, தேசிக்காயுமில்ல.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கல்ல. கதை அதுக்குள்ள வாவியைச் சுத்தி வந்திட்டு. அவட கந்தோரில ஆரோ மேசையில காகிதக் கப்பல் செஞ்சு வச்சதாம். அஞ்சாம் நாள் லீவு போட்டுட்டுப் போனன்.

வளவுக்குள்ள பைக்கைப் பாதி கழட்டிப் போட்டிருந்தா. எண்ணெய் மாத்தி, பிளக்கைத் துடைச்சுக்கொண்டிருந்தா. பக்கத்தில ஒரு மெக்கானிக்கும் அவட அப்பாவும். நான் நிண்ட நிலையில அவட அப்பாட்டச் சொன்னன். "மாமா, பைக்கை விழுத்தினது நான். கியரில நிண்டதைக் கவனிக்கல்ல. அவ தொட வேணாமெண்டுதான் சொன்னா."

அவர் மகளைப் பாத்தார். "என்னட்டச் சொல்லல்லயே பிள்ள?"

"ஆரும் என்னட்டக் கேக்கல்ல அப்பா. எல்லாரும் எனக்குச் சொன்னாங்க" எண்டுட்டுப் பிளக்கைப் பூட்டினா.

"என்னில கோவமா?" எண்டு கேட்டன். மடையன் கேள்வி.

"பைக் விழுந்ததுக்குக் கோவமில்ல. பழகிற ஆள் விழுத்தும். நானும் விழுத்தியிருக்கன். 'பரவால்ல' எண்டு சொன்னீங்களே, அதோட என்னால ஒரு வீட்டுக்குள்ள இருக்க ஏலாது. கலியாணம் வேணாம். புரோக்கருக்கு நானே சொல்லிட்டன்." கையைத் துடைச்சா. "இஞ்ச வந்து சொன்னது நல்லம். ஆனா எங்களுக்குச் சொல்லி என்ன? எனக்குத் தெரியும்தானே. பாதையில நிண்டவங்களுக்கெல்லோ சொல்லணும்."

"சொல்றன்" எண்டன்.

ஸ்டார்ட்டை அமத்தினா. ரெண்டு தரம் இருமிச்சு, மூண்டாம் தரம் பிடிச்சுது. "ஏறுங்க, பாதையடியில விடுறன்" எண்டா.

ஏறினன். பட்டப்பகல், சந்தைக்குள்ளால போனம். ஆக்கள் பாத்தாங்க, கை காட்டிச் சிரிச்சாங்க. ஒருத்தன் விசிலடிச்சான். நான் ஹெல்மெட் கண்ணாடியை மேல தூக்கி விட்டுட்டு இருந்தன். நல்லாப் பாருங்கடா. பெரிய பைக் அவட, ஓடுறது அவ, பின்னுக்கு இருக்கிறது நான். அந்த வெக்கம் போகிறதுக்கு எனக்கு ஒரு கலியாணமே கையை விட்டுப் போக வேண்டியிருந்தது.

பாதையடியில அதே சனம். அதே பாதைக்காரர். பைக்கைக் கண்டோடன ஒருத்தன், "தங்கச்சி, இண்டைக்கும் வாவியிலயா பார்க் பண்ணப் போறீங்க?" எண்டான். எல்லாரும் சிரிச்சாங்க. அவ எஞ்சினை நிப்பாட்டிட்டு என்னைப் பாத்தா.

நான் இறங்கி, பாதைக்குள்ள ஏறி, நடுவில நிண்டு கத்தினன். "அண்ணன்மாரே, கேளுங்க. அண்டைக்கு விழுத்தினது நான். இவ இல்ல. எனக்குப் பைக் ஓடத் தெரியாது. கிளச்சை விட்டது நான்."

என்னையும் அவவையும் மாறி மாறிப் பாத்தாங்க. பிறகு சிரிச்சாங்க. முதல்ல ஒருத்தன், பிறகு எல்லாரும். நக்கல் சிரிப்பில்ல, பாசமான சிரிப்பு, அதுதான் கொடுமை. "பொடியன் பொம்பிளையைக் காப்பாத்தப் பாக்கிறான்டா" எண்டு ஒருத்தர் மற்றவருக்குச் சொன்னார். "சத்தியமா நான்தான்" எண்டன். "சரி தம்பி, சரி, நீங்கதான்" எண்டு இன்னும் சிரிச்சாங்க. அவவிட்ட ஒராளும் ஒண்டும் கேக்கல்ல.

அவ ஹெல்மெட்டைப் போட்டு, பைக்கை வந்த வழிக்குக் கிறுக்கிக்கொண்டு போனா. திரும்பிப் பாக்கல்ல.

பாதைக்காரர் கிட்ட வந்து என்ட தோளில கை போட்டார். "இந்தக் காலத்தில இப்பிடி ஒரு மாப்பிள்ளை கிடைக்கிறதுக்கு அந்தப் பிள்ள புண்ணியம் செஞ்சிருக்கணும் தம்பி."